துணி கறுப்பதும் அண்ணனின் முதுகுவலியும்

ஏழு மாதப் பையனின் மூத்திரத் துணியில் பார் சோப் தேய்த்ததும் பழுப்பு நிறம் படர்கிறது. டயப்பர் போட்ட நாளில் அதைக் கழற்றி ஓரமாக வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடுகிறது. குழந்தையோ நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். இதைப் பார்த்த உங்கள் அம்மா, "உன் அண்ணனுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் துணி கறுக்கும்" என்றார். அந்த அண்ணனுக்கு இப்போது 43 வயது. பதினைந்து வருடமாக முதுகுவலி, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை, காதுமடல் நீலம் பாரித்திருக்கிறது. மாமியார் நீங்கள் கர்ப்பத்தில் குடித்த இரும்புச்சத்து டானிக்கைக் குறை சொல்கிறார். உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தம். உங்கள் கணவர் உங்களுக்கு அத்தை மகன். இணையத்தில் தேடியபோது இது நரிக்குறவர் சமூகத்துக்கு மட்டும் வரும் நோய் என்று எங்கோ படித்து மேலும் குழம்பியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இதுதான்.

"இது என்ன நோய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குக் கேட்டது வேறு இரண்டு கேள்விகள். என் பிள்ளையும் அவன் மாமாவைப் போல நாற்பது வயதில் நிமிர முடியாமல் போய்விடுவானா? இதற்கு நான்தான் காரணமா? இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் காரணமில்லை. நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ, டானிக்கோ, தாய்ப்பாலோ எதுவும் காரணமில்லை. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். கர்ப்பத்தில் அம்மா குடித்தது ஏழு மாதம் கழித்துப் பிள்ளையின் சிறுநீரைக் கறுப்பாக்காது. மாமியாரிடம் இதை ஒரு மூட்டுவாத மருத்துவர் சொன்னதாகவே சொல்லுங்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மூட்டு நோயாளிகளைப் பார்த்து வருகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு முன் ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். குழந்தையை நான் பார்க்கவில்லை, அண்ணனின் எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களும் (காற்றுப்பட்டால் கறுக்கும் சிறுநீர், காதுமடலில் நீலம், இளவயதிலேயே தொடங்கிய முதுகுவலி) ஒரே குடும்பத்தில் ஒன்றாகச் சேர்ந்து வருவதால் அல்காப்டோனூரியா என்ற நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் நினைப்பது வேறு, உறுதி செய்வது வேறு. அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யும்வரை "இருக்கலாம்" என்றே வைத்துக்கொள்வோம்.

நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாவற்றிலும் உள்ள புரதத்தில் டைரோசின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. உடம்புக்குத் தேவையானது போக மிச்சத்தைக் கல்லீரல் படிப்படியாக உடைத்துக் கழிக்கிறது. அந்தப் படிகளில் நடுவே ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் உருவாகிறது. அதை அடுத்த படிக்குத் தள்ள ஒரு நொதி வேண்டும். இந்த நோயில் அந்த நொதி வேலை செய்யாது. அமிலம் தேங்குகிறது. சிறுநீரகம் தன்னால் முடிந்தவரை, நாளொன்றுக்குச் சில கிராம் அளவுக்கு, அதை வெளியே தள்ளுகிறது. மற்றவர்கள் சிறுநீரில் இது மிக மிக நுண்ணிய அளவில்தான் இருக்கும். இந்த அமிலத்துக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் கறுக்கும், காரம் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துப்போகிறதே, கிட்டத்தட்ட அதே வகை வேதிவினைதான். சோப்பு காரத்தன்மை உள்ளது. அதனால்தான் நீங்கள் சோப்புப் போட்ட கணத்தில் துணி பழுப்பாகிறது. கறை போகவில்லை என்று மறுபடி சோப்புப் போட்டால் கறை கூடத்தான் செய்யும்.

இதை வீட்டிலேயே கவனிக்கலாம். குழந்தையின் சிறுநீரைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிடித்து, மூடாமல் வைத்துப் பாருங்கள். பிடித்தவுடன் சாதாரண நிறத்தில்தான் இருக்கும். நேரம் போகப்போகக் காற்றுப்படும் மேல்பகுதி முதலில் கறுத்து, கறுப்பு மெல்லக் கீழே இறங்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் இது சீக்கிரம் நடக்கும். ஆனால் ஒன்று: சிறுநீர் அமிலத்தன்மையோடு இருந்தால் மணிக்கணக்கில் நிறம் மாறாமலும் இருக்கலாம். அதனால் கறுக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. இந்த நோயுள்ள பலர் தம் சிறுநீர் கறுப்பதை வாழ்நாளில் கவனித்ததே கிடையாது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்? உங்கள் அம்மா கையால் துணி துவைத்த தலைமுறை என்பதால்தான் அண்ணனின் துணி அவர் நினைவில் தங்கியிருக்கிறது.

பிடித்தவுடனேயே சிறுநீர் கோலா நிறத்திலோ சிவப்பாகவோ இருந்தால் அது வேறு விஷயம், அவசரமும்கூட. ரத்த அணுக்கள் உடைவது, கல்லீரல் கோளாறு, சிறுநீரக அழற்சி போன்றவற்றில் அப்படி வரும். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். சில மருந்துகளாலும் நிறம் மாறும். உங்கள் பையன் விஷயத்தில் பிடிக்கும்போது சாதாரணமாக இருந்து வெளியே வைத்தபின் கறுக்கிறது என்பதுதான் முக்கியத் துப்பு.

உறுதி செய்வதற்கான பரிசோதனை, சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளப்பது. ஜி.சி.எம்.எஸ். என்ற கருவியில் செய்வார்கள். பெரிய லேப்களில் "யூரின் ஆர்கானிக் ஆசிட்ஸ்" என்று கேட்டால் தெரியும். சீட்டில் டாக்டர் அல்காப்டோனூரியா சந்தேகம் என்று எழுதித் தருவது நல்லது. சாதாரண யூரின் ரொட்டீன் ரிப்போர்ட்டில் இது தெரியவே தெரியாது. ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சர்க்கரை பார்க்கப் பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சுவார்கள். இந்த அமிலம் அந்தக் கரைசலோடும் வினைபுரியும் என்பதால், சர்க்கரை நோயே இல்லாதவருக்கு "யூரின்ல சுகர் இருக்கு" என்று எழுதிக் கொடுப்பது நடந்திருக்கிறது. அண்ணனுக்கு இளவயதில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, அண்ணனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அவர்தான்.

சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றினாலும் கொஞ்சம் அமிலம் உடம்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கறுப்பு நிறமியாகி வருடக்கணக்கில் குருத்தெலும்பிலும் தசைநாண்களிலும் தோலிலும் படிகிறது. இதற்கு ஓக்ரோனோசிஸ் என்று பெயர். 1866-இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் விர்ஹோ நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தத் திசு காவிமண் நிறத்தில் தெரிந்ததால் வைத்த பெயர் இது. வெறும் கண்ணுக்கு அது கறுப்பு. எவ்வளவு கறுப்பு என்பதை நான் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி முடித்த தொடக்க வருடங்களில் ஒருவருக்கு நான் மூன்று வருடம் வைத்தியம் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர், மளிகைக் கடை வைத்திருந்தார். காலையில் முதுகு விறைப்பு, கழுத்தைத் திருப்ப முடியாது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு அழற்சியால் விறைத்துப்போகும் நோய்) என்று முடிவுகட்டி அதற்குரிய மாத்திரைகளைக் கொடுத்து வந்தேன். அந்த நோயுள்ள பெரும்பாலோருக்கு ரத்தத்தில் பாசிட்டிவ் என்று வரும் ஹெச்.எல்.ஏ. பி27 பரிசோதனை இவருக்கு நெகட்டிவ் என்று வந்தபோதும், சிலருக்கு அப்படி வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு முழங்கால் முற்றிலும் தேய்ந்து மாற்று மூட்டு அறுவைக்குப் போனார். அன்று அறுவை அரங்கிலிருந்து ஆர்த்தோ டாக்டர் போன் செய்தார்: "சார், கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க." போனேன். முழங்கால் திறந்திருந்தது. வெண்சங்கு போல வழவழவென்று இருக்க வேண்டிய குருத்தெலும்பு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. கருவி பட்ட இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. சுற்றியிருந்த சவ்வில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள்.

மறுநாள் வார்டில் அவர் காதைப் பார்த்தேன். காதுமடலின் உட்குழிவில் தோலுக்கு அடியில் நீலச் சாம்பல் நிறம். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழியில், கருவிழிக்கும் கண் ஓரத்துக்கும் நடுவே, பழுப்புத் திட்டு. மூன்று வருடம் அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து எழுதியவன் நான். வெள்ளைப் பனியன் அக்குளில் பழுப்பாகுமா என்று கேட்டேன். "எப்பவுமே ஆகும் சார், வீட்ல சோப்பு மாத்தி மாத்திப் பாத்துட்டாங்க" என்றார். நான் கேட்கவில்லை என்பதால் அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, நாற்பது வயதுக்குள் முதுகு தேய்ந்து வருகிற எவரையும் காதைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

உங்கள் அண்ணனிடம் இதே இடங்களைப் பாருங்கள்: காதின் உட்குழிவு, வெள்ளை விழி, அக்குள், உள்ளங்கை, நகம். காதுக் குறும்பி கன்னங்கரேலென்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம்முடைய மாநிறத் தோலில் முகத்தில் வரும் நிற மாற்றம் எளிதில் பிடிபடாது. காதும் கண்ணும்தான் காட்டிக்கொடுக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓக்ரோனோசிஸ் என்று இணையத்தில் தேடினால் கன்னத்தில் நீலக்கறுப்புத் திட்டு வந்த பெண்களின் படங்கள் நிறைய வரும். அவற்றில் பெரும்பாலானவை ஹைட்ரோகுயினோன் கலந்த வெளுப்பு கிரீமை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நீண்டகாலம் பூசியதால் வந்தவை. அது தோலோடு நின்றுவிடும். மூட்டுக்குப் போகாது, பிள்ளைக்கும் போகாது. அந்தப் படங்களைப் பார்த்து உங்கள் பையனின் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள்.

மூட்டு பாதிப்பு வருவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் முதுகெலும்பு, அதுவும் கீழ்முதுகு. அப்புறம் முழங்கால், இடுப்பு, தோள் போன்ற பெரிய மூட்டுகள். விரல் மூட்டுகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள் ஒடுங்கி, அவற்றில் சுண்ணாம்பு படிந்து, ஏணிப்படி மாதிரி வரிசையாக வெள்ளைக் கோடுகள் தெரியும். வயதால் வரும் தேய்மானம் ஒன்றிரண்டு டிஸ்க்கில் நிற்கும். இது மேலிருந்து கீழ்வரை பல டிஸ்க்குகளில் இருக்கும். ஸ்பாண்டிலைட்டிஸ் என்றால் இடுப்புக்குப் பின்னாலுள்ள சாக்ரோ இலியாக் மூட்டு அழற்சியால் ஒட்டிப்போகும். இதில் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. அண்ணனின் பழைய எக்ஸ்ரேக்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்து வையுங்கள். அவர் ஸ்பாண்டிலைட்டிஸ் மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிட்டு வந்தால் தானாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லிக் கேட்கட்டும்.

மூட்டோடு இது நிற்பதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 58 நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கைதான் இன்றைக்கும் நாங்கள் கையில் வைத்துக்கொள்ளும் வரைபடம். எக்ஸ்ரேயில் பாதிப்பு 30 வயதுக்கு மேல்தான் ஏறத் தொடங்குகிறது, பெண்களைவிட ஆண்களுக்கு வேகமாக ஏறுகிறது. மூட்டு மாற்று அறுவை சராசரியாக 55 வயதில். இதய வால்வு பாதிப்பு 54 வயதில். சிறுநீரகக் கல் 64 வயதில். அதனால் அண்ணன் நாற்பதைத் தாண்டிவிட்ட இந்த நேரத்தில் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து இதயத்தின் அயோர்ட்டிக் வால்வைப் பார்த்துக்கொள்வதும், பிறகு ஓரிரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பப் பார்ப்பதும் அவசியம். எந்தக் கெடுதலும் தெரியாமலே வால்வு கெட்டியாகிக்கொண்டு போகும்.

இந்த நோய்க்கு எங்கள் துறையில் ஒரு தனி மரியாதை உண்டு. 1859-இல் பேடக்கர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் காரம் சேர்ந்தால் ஆக்சிஜனை உறிஞ்சிக் கறுக்கும் இந்தப் பொருளுக்கு அல்காப்டன் என்று பெயர் வைத்தார். அதன்பின் நீண்ட காலம், குடலில் ஏதோ கிருமி புகுந்துதான் இப்படி ஆகிறது என்று நினைத்தார்கள். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு கேரட் அதை ஏற்கவில்லை. இந்த நோயுள்ள பிள்ளைகள் இருந்த ஒரு வீட்டில் 1901-இல் அடுத்த குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும், பிறந்ததிலிருந்தே துணியைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். மூன்று நாள் முடிவதற்குள் துணி கறுத்துவிட்டது. கிருமி என்றால் அவ்வளவு சீக்கிரம் வராது, இது பிறவியிலேயே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது: இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் பல வீடுகளில் சொந்தக்காரர்கள். அப்போதுதான் மெண்டலின் பட்டாணிச் செடிப் பரிசோதனைகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. இரண்டையும் சேர்த்து 1902-இல் எழுதினார். மனித நோய் ஒன்று மெண்டலின் விதிப்படி இறங்குகிறது என்று முதன்முதலில் தெரிந்தது இப்படித்தான். நீங்கள் வாஷிங் கல்லில் நின்று பார்த்த அதே துணிக்கறையிலிருந்துதான் அவரும் தொடங்கினார்.

அந்த விதி உங்கள் வீட்டில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது போதும். அவருக்கு நோய் வராது, சிறுநீரும் கறுக்காது. இரண்டுமே பழுதானால்தான் நோய். அண்ணனுக்கு இந்த நோய் உறுதியானால் உங்கள் அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொரு பழுதுப் பிரதி இருக்கிறது. நோயில்லாத நீங்கள் அதைச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அப்பாவின் அக்காவோ தங்கையோ, அதாவது உங்கள் அத்தையும் அதையே சுமந்திருந்தால் அவர் மகனுக்கும் போயிருக்கலாம். பையனுக்கு நோய் உறுதியானால் நீங்கள் இருவரும் சுமப்பவர்கள் என்று ஆகிறது. அப்போது அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் காசு சுண்டுவது போலத்தான். அப்பாவழி, அம்மாவழி இரண்டுமே சமம். இதில் மருமகளைக் குறை சொல்ல இடமே இல்லை.

சொந்தத்தில் கட்டியதுதான் தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். சொந்தத்தில் கட்டியதால் பழுது புதிதாகப் பிறப்பதில்லை. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த பழுது இரண்டு பக்கமாகவும் இறங்கிச் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். உங்களைக் கட்டிவைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இனிமேல் வீட்டில் பேசும் சொந்தச் சம்பந்தங்களுக்கு முன்னால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சுமப்பவரைச் சிறுநீர்ப் பரிசோதனை கண்டுபிடிக்காது, ரத்தத்தில் ஹெச்.ஜி.டி. என்ற மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். முதலில் அண்ணனுக்கோ பையனுக்கோ பார்த்து எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துகொண்டால், மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. இப்படிக் குடும்பமாக உட்காரவைத்துப் பேசுவார்கள்.

நரிக்குறவர் பற்றி நீங்கள் படித்தது பாதி உண்மை. தமிழ்நாட்டு நரிக்குறவர் சமூகத்தில் இந்த நோய் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருப்பதும், அதற்கு ஒரே மூதாதை வழியாக வந்த ஒரே மாதிரியான மரபணுப் பழுது காரணம் என்பதும் 2014-இல் வெளியான ஆய்வில் விவரமாக வந்திருக்கிறது. சிறிய சமூகம், தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள், ஆதியில் யாரோ ஒருவரிடமிருந்த பழுது பெருகியிருக்கிறது. அவர்கள் உணவுக்கும் வாழ்க்கை முறைக்கும் இதில் சம்பந்தமில்லை. ஸ்லோவாக்கியாவிலும் இது அதிகம், 19,000 பேருக்கு ஒருவர் என்று இருக்கிறது. உலகின் பெரும்பாலான இடங்களில் இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் பேருக்கு ஒருவர்தான். ஆனால் "அவர்களுக்கு மட்டும்" என்பது தவறு. நான் பார்த்த மளிகைக் கடைக்காரர் அந்தச் சமூகத்தவர் இல்லை. இன்னும் எனக்கு மனம் கனப்பது என்னவென்றால், சந்தையிலும் கோயில் வாசலிலும் பாசிமணி விற்கக் குத்துக்காலிட்டு நாள்முழுக்க உட்கார வேண்டியவர்களுக்கே முதுகையும் முழங்காலையும் தின்னும் இந்த நோய் இப்படிக் குவிந்திருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் ஒரு மூட்டு மருத்துவரின் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான்.

இனி மருந்து. நிடிசினோன் என்று ஒன்று இருக்கிறது. களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து வந்து, டைரோசினீமியா என்ற வேறொரு பிறவி நோயில் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. டைரோசின் உடையும் பாதையில் ஒரு படி முன்னாலேயே தடுப்பதால், ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாவதே பெருமளவு நின்றுவிடுகிறது. அமிலம் குறைகிறது என்பதில் ஐயமே இல்லை. குறைந்தால் மூட்டு தப்புமா என்பதில்தான் நீண்ட காலம் தயக்கம் இருந்தது. அமெரிக்காவில் 40 பேருக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்ததில், இடுப்பு மூட்டு எவ்வளவு சுழல்கிறது என்ற அளவுகோலில் தெளிவான பலன் தெரியவில்லை. அப்புறம் ஐரோப்பாவில் 138 பேரை நான்கு வருடம் கவனித்து 2020-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தினம் 10 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நோய் முன்னேறும் வேகம் குறைந்தது தெரிந்தது. அதே ஆண்டு ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. கரைந்துபோன குருத்தெலும்பை இது திரும்பக் கொண்டுவராது. அண்ணன் இதை எதிர்பார்ப்போடு தொடங்கினால், "இருக்கிறதைக் காப்பாற்ற" என்று அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

விலையும் உண்டு. பாதையை முன்னால் தடுப்பதால் டைரோசின் ரத்தத்தில் ஏறும். சிலருக்கு அது கருவிழியில் படிந்து கண் கூசும், வலிக்கும். அதனால் புரத அளவைக் கட்டுப்படுத்தி, கண்ணையும் ரத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். இணையத்தில் வாங்கித் தானாகத் தொடங்கும் மருந்து இல்லை இது.

குழந்தைக்கு எப்போது தொடங்குவது? இங்கே மருத்துவ உலகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பாதிப்பு முப்பதுக்கு மேல்தான் வெளியே தெரிகிறது, வளரும் பிள்ளைக்கு டைரோசின் ஏறுவதும் புரதத்தைக் குறைப்பதும் நல்லதில்லை என்பது ஒரு பக்கம். நிறமி கண்ணுக்குத் தெரியும் முன்பே படிகிறது, அதனால் இளவயதிலேயே தொடங்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். கைக்குழந்தைக்குக் கொடுக்க இப்போது அவசரமில்லை என்பது என் கருத்து. அவன் பதின்வயதை எட்டும்போது இந்தக் கேள்விக்கு இன்றைவிடத் தெளிவான பதில் இருக்கும்.

ஐரோப்பிய ஆய்வு வரும்வரை எங்கள் கையில் இருந்தது வைட்டமின் சி மட்டும்தான். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோட்பாட்டில் அது சரியாகத் தோன்றும். மூட்டைக் காத்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. புரதத்தைக் குறைத்தால் அமிலம் கொஞ்சம் குறையும், ஆனால் அதுமட்டுமே வைத்தியமாகப் போதாது. தயவுசெய்து பையனுக்குப் பருப்புத் தண்ணீரையோ முட்டையையோ நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலைத் தொடருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதை அவனுக்கும் கொடுங்கள். நாட்டு மருந்துக்கடையில் "ரத்தத்தைச் சுத்தம் செய்யும்" என்று எதையாவது கொடுத்தால் வேண்டாம். இது ரத்தம் கெட்டுப்போன நோய் இல்லை.

நீங்கள் எழுதாமல் கேட்ட முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். நோய் உறுதியானாலும் உங்கள் பையன் மற்றப் பிள்ளைகளைப் போலவே தவழ்வான், நடப்பான், படிப்பான். புத்திக்கும் வளர்ச்சிக்கும் இதில் குறையில்லை. ஆயுளையும் இது பெரிதாகக் குறைப்பதில்லை. ஓடியாடி விளையாடட்டும். பெரியவனானதும் முட்டி மோதும் விளையாட்டுகளையும் பளுதூக்குவதையும்விட நீச்சல், சைக்கிள் பக்கம் திருப்பிவிடுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலையா, மூட்டை தூக்கும் வேலையா என்ற முடிவு அவனுக்கு முக்கியம். அவன் மாமாவுக்குத் தெரியாமல் போன முப்பது வருடம் அவனுக்குத் தெரிந்தே கிடைக்கிறது. மருந்து இல்லாத காலத்தில் இளமையைக் கழித்தவரின் இடுப்பைப் பார்த்து, மருந்து வந்தபின் பிறந்தவனின் இடுப்பைக் கணிக்க முடியாது. "கண்டிப்பாக நன்றாக இருப்பான்" என்று நான் எழுதித் தர முடியாது. அண்ணனைப் போலவே ஆவான் என்று நினைக்கவும் காரணமில்லை.

அண்ணன் இந்தப் பேச்சு எதுவும் வேண்டாம், இத்தனை வருடம் வலித்ததுதானே என்று சொல்லக்கூடும். இப்படிச் சொல்லும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பையனுக்காக வாருங்கள் என்று கூப்பிடுங்கள்; அவருடைய பரிசோதனை முடிவு பையனுக்கு உதவும் என்பது பொய்யும் இல்லை. இடுப்பும் முழங்காலும் தேய்ந்து முடிந்திருந்தால் மாற்று மூட்டு வைக்கலாம், சாதாரணத் தேய்மானத்துக்கு வைத்தவர்களைப் போலவே இவர்களுக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. அறுவைக்கு முன் டாக்டரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும், மயக்க மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். முதுகெலும்பு விறைத்திருந்தால் முதுகில் ஊசி போடுவதும் கழுத்தை நிமிர்த்திக் குழாய் செலுத்துவதும் சிரமம்.

போகும்போது மூன்றை எடுத்துப்போங்கள். கறுத்த துணி ஒன்று, துவைக்காமல். சிறுநீரைக் குப்பியில் பிடித்தவுடன் ஒரு படம், சில மணி நேரம் கழித்து அதே குப்பியின் இன்னொரு படம். பகல் வெளிச்சத்தில் எடுத்த அண்ணனின் காது, கண் படங்கள். பெரும்பாலான டாக்டர்கள் இந்த நோயைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். பேரைச் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். துணியை மேசையில் விரித்தால் உங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.